கோழிக்கு உண்டு, நாய்க்கு இல்லையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனிதன் முதன்முதலாகப் பழக்கித் தன் வீட்டோடு வைத்துக்கொண்ட விலங்கு நாய் என்று விலங்கியல் கூறுகிறது. ஆடும் மாடும் கோழியும் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தவை. தோழமையில் முதலிடம் பெற்ற நாய், கவனிப்பில் மட்டும் கடைசி வரிசையில் நிற்கிறது! இந்த முரண்பாட்டைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களைச் சுற்றி வந்தாலே போதும்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே மேரக்ஸ் நோய்க்குத் தடுப்பூசி போடப்படுகிறது. முதல் வாரத்தில் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. அதன்பின் கம்போரோ நோய்க்கு மருந்து. பிறகு குறித்த நாட்களில் தண்ணீரில் கலந்து மறுபடியும் மருந்து. ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்த அட்டவணை கொட்டகையிலேயே தொங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பண்ணையாளரும் அந்த அட்டவணையை மனப்பாடமாகச் சொல்வார். ஏனெனில், ஒரு நாள் தவறினால் கொட்டகையே காலியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அதே பண்ணையின் வாயிலில் இரவெல்லாம் குரைத்துக் காவல் காக்கும் நாய்க்கு என்ன அட்டவணை இருக்கிறது? ஒன்றுமில்லை. பழைய சோறும் ஒரு சங்கிலியுமே அதற்குக் கிடைத்தவை.

எங்கள் இளம்பிள்ளையும் இதற்கு விதிவிலக்கல்ல. கஞ்சமலையின் பக்கத்தில் தறிச் சத்தத்திலேயே கண் விழித்து, தறிச் சத்தத்திலேயே கண் அயரும் ஊர் எங்களுடையது. தறிக்கூடத்துக்கு வெளியே ஒரு நாய் படுத்திருக்கும். சேலைக் கட்டும் நூல் மூட்டையும் களவு போகாமல் காப்பது அதன் வேலை. உள்ளே ஒரு பூனை திரியும். எலி பாவைக் கடிக்காமல் காப்பது அதன் வேலை. இரண்டும் கூலி வாங்காத தொழிலாளிகள். இவற்றுக்கு நோய் வருமுன் மருத்துவம் செய்ய வேண்டும் என்று சொன்னால், “மனுசனுக்கே மாத்திரை வாங்க வழியில்லை, நாய்க்கு ஊசியா?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. அதற்கு மழுப்பாமல் விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு குட்டியும் ஒன்பது பேரும்

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கூட்டுக் குடும்பம். தறி ஓட்டுபவர் அறுவர், குழந்தைகள் மூவர். பிள்ளைகள் தெருவிலிருந்து ஒரு குட்டி நாயைத் தூக்கி வந்து வளர்த்தார்கள். எல்லோருடைய கையையும் அது நக்கிற்று. விளையாட்டாகக் கீறிற்று, கடித்தது. ஒரு நாள் அது தீனியை வெறுத்தது, வாயில் நுரை தள்ளிற்று, நடை தள்ளாடிற்று, கண்டதையெல்லாம் கவ்விற்று, இறந்து போயிற்று. வெறிநோய் என்று கால்நடை மருத்துவர் ஐயுற்றார். அவ்வளவுதான்! அந்த ஒன்பது பேரும் அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

இப்போது கணக்குப் பார்ப்போம். தடுப்பூசி முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தவணை. ஒன்பது பேருக்கும் சேர்த்து முப்பத்தாறு முறை ஊசி. தறி ஓட்டும் அறுவருக்கு ஒவ்வொரு தடவையும் அரைநாள் வேலை கெட்டது என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு நாள் கூலி போயிற்று. மருந்து இலவசம், கூலி இலவசமல்லவே! பேருந்துக் கட்டணமும், குழந்தைகள் பள்ளிக்குப் போகாத நாட்களும், ஒரு மாத காலம் அந்த வீட்டுத் தாய்மார்கள் உறங்காமல் பட்ட அச்சமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அக்குட்டியை ஈன்ற தாய் நாய்க்கும், அது திரிந்த தெருவின் மற்ற நாய்களுக்கும் உரிய காலத்தில் ஆளுக்கொரு ஊசி போட்டிருந்தால் இவையனைத்தும் வந்திரா.

ஆகவே, “மனிதனுக்கே வழியில்லை” என்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்: நாய்க்குப் போடும் ஊசி நாய்க்காக மட்டும் போடுவதன்று; அது மனிதனுக்காகவும் போடுவது. பணக்காரர்களின் ஆடம்பரம் என்று நாம் எதை நினைத்தோமோ, அது ஏழையின் கூலியைக் காக்கும் வேலி.

வெறிநோய் எத்தகையது என்பதை நண்பர்கள் அறிய வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் மூலமே என்றும், நோயுள்ளதென ஐயுறப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரின் அண்மைக் கால மதிப்பீடு. தடுப்பூசி இல்லாத காலத்தில் இது விதியாக இருந்திருக்கலாம். ஆனால் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போட்டது 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது 1907ஆம் ஆண்டு. நூறாண்டுக்கு மேலாக மருந்து கையிலிருந்தும் மக்கள் சாவது விதியன்று, அலட்சியம்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் “தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி” என்று சொல்லி அஞ்சுகிறார்கள். அச்சத்தினால் பச்சிலை கட்டுவோரும், மிளகாய்ப் பொடி அப்புவோரும் உண்டு. அந்தப் பழைய மருந்து கைவிடப்பட்டு இருபது ஆண்டுகளாகிவிட்டன. இன்று போடுவது கையில் சிறு ஊசிதான். கடிபட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. அடுத்தது, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்வது. இதை மாணவர்களாகிய நாம் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு எடுத்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

கொசு கொண்டுவரும் புழு

வெறிநோய் ஒன்றே நோயன்று. யானைக்கால் நோய்ப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை நாம் வகுப்பில் படம் வரைந்து படிக்கிறோம். அதன் உறவுக்காரப் புழு ஒன்று நாயின் இதயத்தில் குடியேறும் என்பதைப் பலர் அறியார். டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்பது அதன் பெயர். இதயப்புழு என்று தமிழில் சொல்லலாம். நோயுள்ள நாயைக் கடித்த கொசுவின் உடலில் இளம்புழு ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்கிறது. அக்கொசு மற்றொரு நாயைக் கடிக்கும்போது அதன் உடலில் புகுந்து, ஆறேழு மாதங்களில் இதயத்தையும் நுரையீரல் இரத்தக் குழாய்களையும் அடைந்து, ஓர் அடி நீளத்தை நெருங்கும் புழுவாகி, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் அங்கேயே வாழ்கிறது. நாய் இருமும், இளைக்கும், சிறிது ஓடினாலும் மூச்சிரைக்கும். நாம் “வயசாயிடுச்சு” என்று சொல்லிவிடுகிறோம்.

நம் நாட்டில் இதயப்புழு மிகுதியாகக் காணப்படுவது வடகிழக்கு மாநிலங்களில். தென்னாட்டில் பெரும்பாலும் காணப்படுவது டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் என்ற மற்றோர் இனம். இது நாயின் தோலுக்கடியில் வாழ்வது; இதயத்தைத் தொடாது. ஆனால் கொசு வழியாக மனிதரையும் அடையும். கேரளத்தில் மனிதரின் கண்ணிலிருந்தும் தோலுக்கடியிலிருந்தும் இப்புழுவை மருத்துவர்கள் எடுத்திருக்கிறார்கள். சாக்கடை தேங்கி, கொசு மொய்க்கும் நம் தெருக்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று.

இதயப்புழுவை முற்றிய பின் ஒழிப்பது கடினம். அதற்கான மருந்து ஆர்சனிக் சேர்ந்தது. ஊசி வலி மிகுந்தது. செத்த புழுக்கள் நுரையீரல் குழாயை அடைத்து நாயையே கொல்லவும் கூடும். ஆனால் வருமுன் தடுப்பதோ மாதம் ஒரு மாத்திரை! அம்மாத்திரைகளில் முதன்மையான ஐவர்மெக்டின், ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது. அதற்காக அவரும் வில்லியம் கேம்பெலும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியில் மிச்சமிருப்பதை நாய்க்குத் தாமே போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அளவு தவறினால் நாய் இறக்கும். கோலி போன்ற சில இனங்களுக்குச் சிறிது மிகுந்தாலும் நஞ்சாகும். மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

பல் போனால்?

நாயின் வாய் நாறுவது இயற்கை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை! அது நோயின் அறிகுறி. நாய்க்குப் பால் பற்கள் 28. நிலைப் பற்கள் 42. பூனைக்கு நிலைப் பற்கள் 30. உணவின் துணுக்குகளும் நுண்ணுயிர்களும் பல்லின் மேல் பசையாகப் படிந்து, சில நாட்களிலேயே சுண்ணாம்பு போல் இறுகிக் காரையாகின்றன. காரை ஈற்றைத் தள்ளுகிறது, ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கிறது, பல் ஆடுகிறது. மூன்று வயதைக் கடந்த நாய்களிலும் பூனைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஓர் அளவில் ஈறு நோய் இருக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுகின்றனர். நம் தெருக்களில் ஆசையாய் வளர்க்கும் பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கு இத்தொல்லை அதிகம். ஈற்றில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யக்கூடும் என்பதும் அவர்கள் தரும் எச்சரிக்கை.

இதற்குச் செலவு என்ன? குட்டியாக இருக்கும்போதே பழக்கினால், விரலில் சுற்றிய ஈரத்துணியோ மென்மையான பிரஷ்ஷோ போதும். தினமும் தேய்ப்பது நன்று. இயலாவிட்டால் வாரத்தில் மூன்று நாளாவது தேய்க்க வேண்டும். நாம் பயன்படுத்தும் பற்பசை கூடாது. நாய் அதைத் துப்பாது, விழுங்கும். அவற்றுள் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். கெட்டியான மாட்டெலும்பு பல்லையே உடைக்கும். “எலும்பு போட்டால் பல் சுத்தமாகும்” என்பது பாதி உண்மையும் பாதி ஆபத்தும் கலந்த பேச்சு.

இவற்றோடு, குட்டிகளை இரத்தப் பேதியில் கொல்லும் பார்வோ நோய்க்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி; பின் மூன்று நான்கு வார இடைவெளியில் மறு ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் தவணைப்படி ஆண்டுதோறும். குட்டிப் பருவம் முதலே குடற்புழு மருந்து. உண்ணி பிடிக்காமல் பார்த்தல். மொத்த அட்டவணையே இவ்வளவுதான். கோழிப் பண்ணையின் அட்டவணையைவிட இது எவ்வளவோ எளிது!

முடியாதது அல்ல

தடுப்பு மருத்துவம் நம் நாட்டுக்குப் புதிதா? 1932ஆம் ஆண்டிலிருந்தே இராணிப்பேட்டையில் கால்நடைகளுக்கான நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இயங்கி வருகிறது. மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று உழவர்களைக் கடனாளியாக்கிய வெக்கை நோயை, 1954இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டே விரட்டினோம். 2011ஆம் ஆண்டு அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. மாட்டுக்கு முடிந்தது, கோழிக்கு முடிகிறது. நாய்க்கு மட்டும் முடியாதா?

முடியும் என்று கோவா காட்டியிருக்கிறது. அங்கே மாநில அரசும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, தெரு நாய், வீட்டு நாய் என்று பாராமல் வலைவீசிப் பிடித்து ஊசி போட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தின. நாய்களிடையே வெறிநோய் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு குறைந்தது. 2021இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலமாகக் கோவா அறிவிக்கப்பட்டது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது அறிஞர் கணக்கு. எல்லா நாய்க்கும் போட வேண்டுமென்பதில்லை. பத்தில் ஏழுக்குப் போட்டால் போதும்.

“தெரு நாய்களையெல்லாம் ஒழித்துக்கட்டினால் தீர்ந்தது” என்பார் உண்டு. 2025இல் இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று நாடெங்கும் பேசப்பட்டது. கடிபட்ட குழந்தையின் பெற்றோர் கொள்ளும் சினத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஊசி போட்ட நாயை அப்புறப்படுத்தினால், அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்து சேர்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் கடமை என்று 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன. கடமையைச் செய்யாமல் கல்லெடுப்பதில் பயனில்லை.

என்ன செய்யலாம்?

குறை கூறுவதோடு நின்றுவிடாமல் என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: முகாம் நடத்தும் நாள். ஆண்டுதோறும் ஜூலை 6ஆம் நாளும் செப்டம்பர் 28ஆம் நாளும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. வரவேற்கிறேன். ஆனால் அவை பெரும்பாலும் வேலை நாளின் காலையில் அமைகின்றன. தறிக்காரர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போவாரா? எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி நிற்கும். அன்றைக்கு, தெருவின் நடுவில் முகாம் போட்டுப் பாருங்கள். வரிசை நிற்க இடம் இருக்காது! நெசவுக்கு அமாவாசை, உழவுக்குச் சந்தை நாளுக்கு மறுநாள் என்று, அந்தந்த ஊரின் ஓய்வை அறிந்து முகாம் வைக்க வேண்டும்.

இரண்டு: தமிழில் அட்டை. என் தாயார் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். தந்தையார் ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே தெருவில் யார் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. நாய்க்கு ஊசி போட்டவர்கள் கொண்டுவரும் அட்டையும் அவற்றுள் ஒன்று. முழுவதும் ஆங்கிலம்! அடுத்த ஊசி என்றைக்கு என்பது கூட அவர்களுக்குத் தெரியாது. போட்ட முதல் ஊசி, மறு ஊசி இல்லாமல் வீணாகிறது. பாலியோ சொட்டு மருந்துக்கு நாடெங்கும் தமிழில் சுவரொட்டி ஒட்டத் தெரிந்த நமக்கு, நாயின் அட்டையைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடவா தெரியாது? எழுத்தறியாதவருக்காக, பிறை ஒன்றை வரைந்து “எத்தனையாவது அமாவாசைக்கு” என்று குறித்தாலும் போதுமே!

மூன்று: மாணவர் பங்கு. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் சேலம் மாவட்டத் தலைவாசலில் 2021இல் கால்நடை உயர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது. அதைத் தெருவுக்குள் அழைத்து வருவதற்குத்தான் ஆள் இல்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், சாலை பெருக்குகிறோம். அவற்றோடு, முகாம் நடக்கும் ஊரில் எத்தனை நாய், எத்தனை பூனை, எவற்றுக்கு ஊசி போட்டாயிற்று என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுக்கலாம். எண்ணாத எதற்கும் மருந்து வராது. விலங்கியல் மாணவர்களுக்கு இது பாடமும் ஆகும், தொண்டும் ஆகும்.

நெசவாளர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த உண்மை ஒன்றுண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால் அப்போதே தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். “போகட்டும், ஓர் இழைதானே” என்று ஓட்டினால், பக்கத்து இழைகளும் சிக்கி, சேலை முழுவதும் குறையாகி, முதலாளி கூலியைப் பிடித்துக்கொள்வார். வருமுன் காக்கும் இந்தப் பாடத்தை வள்ளுவரிடம் கற்று மேடைகளில் ஒப்பிக்கிறோம். தறியில் ஒவ்வொரு நாளும் செயலில் காட்டுகிறோம். வாசலில் படுத்திருக்கும் வாயில்லா ஜீவனிடம் மட்டும் மறந்துவிடுகிறோம்.

நண்பர்களே! இவ்விதழைப் படித்து முடித்து வீடு திரும்பும்போது, உங்கள் தெருவில் வாலாட்டி வரும் நாயைப் பாருங்கள். அதற்கு ஊசி போட்டாயிற்றா என்று அதன் வீட்டாரைக் கேளுங்கள். போடவில்லையென்றால், அடுத்த முகாம் நாளை அவர்களிடம் சொல்லுங்கள். முடிந்தால் உடன் செல்லுங்கள். படித்தவன் தன் தெருவுக்குச் செய்யும் பணிகளில் இதுவும் ஒன்றே. காசு செலவில்லாத இப்பணி, காலத்தில் செய்தால் ஒரு குழந்தையின் உயிரையே காக்கும்!